எத்தின வீதம் எண்டு மட்டும் போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எரிகாயச் செய்தி எது வந்தாலும் உங்கட பேப்பர்ல "60 வீத எரிகாயம், நிலைமை கவலைக்கிடம்" எண்டு போட்டு முடிச்சிடுறீங்க. அந்த வீதம் மட்டும் காணாது ஐயா.

போன வருசம் எங்கட பெரியம்மாவோட ஆஸ்பத்திரியில நிண்டன். குப்பி விளக்கு சரிஞ்சு சீலையில பத்தினது, பூட்டின குசினிக்குள்ள புகையையும் நல்லா இழுத்திட்டா. 72 வயசு, 30 வீதம். அதே நாள் ஆம்பிளை வாட்டுக்கு 21 வயசுப் பொடியன் ஒருத்தன் பெற்றோல் பத்தி 45 வீதத்தோட வந்தான். பார்க்க வாற சனமெல்லாம் வராந்தாவில நிண்டு பொடியன் தப்பமாட்டான் ஆச்சி தப்பிருவா எண்டு அவங்களே தீர்த்திட்டாங்க. பதினோராம் நாள் கிருமி ரத்தத்தில ஏறி பெரியம்மா போயிட்டா, பொடியன் தோல் வச்சு ரெண்டு மாசத்தால நடந்து வீட்ட போனான்.

மறுகா வாட்டு டொக்டர் ஒருத்தர்தான் விளங்கப்படுத்தினார். 1961ல போ எண்டு ஒரு பிரெஞ்சு டொக்டர் (பேரே போதான், அந்த நேரத்திலயும் சிரிப்பு வந்திச்சு) வயசையும் எரிஞ்ச வீதத்தையும் கூட்டிப் பார்த்திரிக்கார், அப்ப 100ஐத் தாண்டினா கைவிட்ட கேஸ்தானாம். 2010ல அதைத் திருத்தி புகை இழுத்தவங்களுக்கு இன்னும் 17 கூட்டினாங்க. பெரியம்மாக்கு 119, பொடியனுக்கு 66. ஆனா இது கனபேரைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு, ஒரு ஆளுக்கு எழுதின தீர்ப்பு இல்ல, வசதியான எரிகாயப் பிரிவுகள்ல இப்ப 100 தாண்டினவங்களும் பிழைக்காங்க எண்டும் சொன்னார். வீதத்தையும் சனம் வாய்க்கு வந்தபடி சொல்லுது. நோயாளிட உள்ளங்கை விரலோட சேர்த்துத்தான் ஏறக்குறைய ஒரு வீதம், சும்மா சிவந்த இடத்தை எண்ணுறல்ல.

அதால வீதம் போட்டா வயசையும் புகை இழுத்ததா எண்டதையும் சேர்த்துப் போடுங்க. கவலைக்கிடம் எண்டுறது டொக்டர் சொன்னா மட்டும், வாட்டுக்கு வெளியில குந்தியிருக்கிற தாயும் உங்கட பேப்பரைத்தான் வாசிக்கா. மூலையில சின்னப் பெட்டி ஒண்டில, எரிஞ்ச உடனே குழாய்த்தண்ணிய 20 நிமிசம் ஓட விடச்சொல்லியும் போடலாம், மூண்டு மணித்தியாலத்துக்குள்ள செய்தாலும் பலன் இரிக்காம். நாங்க பெரியம்மாக்குப் பூசினது பற்பசை. அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயம் எவ்வளவு ஆழம் எண்டே டொக்டர்மாருக்குப் பார்க்க ஏலுமா இருந்திச்சு.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
களுவாஞ்சிக்குடி