பாலுவைக் கேட்டாயா?

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

இரண்டு ஆண்களின் காதலை வைத்து நீ எழுதிய சினிமா ஸ்கிரிப்ட் வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த அன்றே ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷன், பரீட்சைப் பேப்பர் என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். அதெல்லாம் இல்லை. முக்கால்வாசி எனக்குப் பிடிக்கவில்லை. அதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்துவிட்டேன். திட்டிக்கொள். அம்மா நலம். உன் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்கு அம்மாதான் காரணம். மத்தியானம் 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம் உரிக்க முறத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மம்மூட்டி என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மனைவி ஓமனா போட்ட விவாகரத்து மனுவில், கணவன் ஆணை விரும்புகிறவன் என்பதுதான் காரணம் என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. படம் முடிந்ததும், "அந்தப் பிள்ளை ஓமனா இருவது வருசம் என்ன பாடு பட்டிருப்பா" என்றாள். அப்புறம் அடுக்களையிலிருந்து, "அந்த அப்பன்காரன் அன்னைக்கே வாயத் தெறந்திருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்க" என்றாள். எழுபத்து நாலு வயதடி அவளுக்கு! நம் சிநேகிதன் பாலு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டவள்.

வெங்காயம் வதங்குகிற வாசனையில் உட்கார்ந்து உன் ஸ்கிரிப்டைத்தான் யோசித்தேன். அந்தப் படத்தில் மம்மூட்டியின் மாத்யூ பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவன், பஞ்சாயத்து இடைத்தேர்தலில் நிற்கிறான். ஓட்டுக் கேட்கிற நேரம் பார்த்து மனைவியின் மனு வருகிறது. கேஸ் நடக்கும்போதே எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள், ஒன்றாகச் சர்ச்சுக்குப் போகிறார்கள். கெட்டவன் என்று கைகாட்ட ஆளில்லை. உன் கதையில் வீட்டுக்காரர், தாய்மாமன், இன்ஸ்பெக்டர், ஆபீஸ் மேனேஜர் எல்லோரும் பல்லைக் கடிக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அதில் வேலையே இல்லை. இவர்களை மாதிரி நான் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். என் அம்மாவால் அப்படிப் போக முடியவில்லை. மகனைப் பற்றித் தெரிந்தும் வாய் திறக்காத அந்த அப்பனிடத்தில் அவள் தன்னைப் பார்த்தாள்.

மம்மூட்டி நடித்ததால் ஓடியது என்பாய். சரி, 72 வயதில் தன் சொந்தக் கம்பெனியிலேயே அதைத் தயாரித்து நடித்தாரே, அது சின்னக் காரியமில்லை. 2023 நவம்பரில் படம் வந்தது. ஒரு மாதம் முன்னால்தான் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் ஸ்டாருக்காக வந்து உட்கார்ந்தவரைக் கடைசிவரை உட்கார வைத்தது கதைதான். எனக்கும் அதில் ஒரு குறை உண்டு. மாத்யூ விரும்பும் தங்கனும் மாத்யூவும் ஒருவரையொருவர் பார்ப்பதோடு சரி. காதல் என்று பெயர் வைத்துவிட்டு அந்தக் காதலைக் கண்ணில் காட்டாமலே கொண்டுபோகிறார்கள்.

உன்னிடம் அது இருக்கிறது! 34-ஆம் பக்கம். இரண்டு பேரும் டிவிஎஸ் 50-ல் கேஸ் சிலிண்டரை நடுவில் வைத்துக்கொண்டு போகிறார்களே, பின்னால் இருப்பவன் சிலிண்டரைப் பிடிக்கிற சாக்கில் இவன் சட்டையையும் சேர்த்துப் பிடிக்கிறானே, அதைப் படித்ததும் புத்தகத்தை மூடுவதுபோல மூடிவைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. 'ப்ரோக்பேக் மவுன்டன்' நினைவிருக்கிறதா, கடைசியில் அலமாரியில் ஒரே ஹேங்கரில் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் இரண்டு சட்டைகள்? உன் சிலிண்டர் அந்த ஜாதி.

அட்டையில் 'தமிழின் முதல்' என்று போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிடு. 2022-ல் 'ப்ரோஸ்' என்று ஒரு ஹாலிவுட் படம், இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் காமெடி. இரண்டு கோடி டாலருக்கு மேல் போட்டு எடுத்தார்கள். பெரிய ஸ்டுடியோவிலிருந்து இப்படி வருவது இதுதான் முதல்முறை என்று ஊரெல்லாம் பேச்சு. முதல் வாரக் கடைசியில் வந்தது ஐம்பது லட்சம் டாலர்கூட இல்லை. சிரிக்கலாம் என்று கிளம்புகிறவரிடம் இது சரித்திரம், வந்து பார் என்றால் பரீட்சைக்குக் கூப்பிட்டதுபோல இருக்காதா?

இனி முடிவு. அதுதான் என்னை நாலு மாதம் எழுதவிடாமல் செய்தது. அரவிந்தை ஏன் ரயில் முன்னால் தள்ளினாய்? 'அலிகர்' என்ற இந்திப் படத்தில், ஆணை விரும்பியதால் வேலையிலிருந்து நீக்கி வைக்கப்பட்ட பேராசிரியர் சிராஸ் இறக்கிறார் என்பாய். அவர் 2010-ல் நிஜமாகவே இறந்தார், கலா. அப்படியும் அந்தப் படத்தில் என் மனதில் நிற்பது அவர் சாவு இல்லை. ராத்திரி தனியாக ஒரு கிளாஸ் விஸ்கியோடு லதா மங்கேஷ்கரின் பாட்டைக் கேட்டுக் கூடவே முணுமுணுக்கிறாரே, அந்த முகம்தான். உன் அரவிந்த் சாவது உனக்கு முடிவு கிடைக்காததால். அழ வைத்து அனுப்பிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால்.

அரவிந்த் நம் பாலுதான் என்று எனக்குத் தெரியாதா? அந்த மூக்குத்தூள் தாத்தா, அந்த ஹாஸ்டல் கொசுவலை! 2006-ல் நாம் மூன்று பேரும் பார்த்த போலீஸ் படத்தை மறந்திருக்கமாட்டாய். கொலைகாரர்கள் இரண்டு பேரையும் 'அவர்கள் அப்படி' என்று காட்டியபோது தியேட்டரே கைதட்டியது. நாமும் தட்டினோம். நமக்கு நடுவில் பாலு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான், காசும் அவனே கொடுத்தான். அன்றைக்கு அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கொலைகாரர்களுக்கும் உன் அரவிந்துக்கும் கடைசியில் ஒரே கதிதான். அவர்களை வெறுத்துச் சாகடித்தார்கள், நீ இரக்கப்பட்டுச் சாகடிக்கிறாய். பாலுவோ ஓசூரில் இருக்கிறான். போன வாரம் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினான். மாடியில் தண்ணீர் ஏறவில்லையாம். அவனுடைய ஜோசப்புக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், ஒளித்துவைத்து அல்வா தின்கிறாராம். இதை எழுதேன், கலா.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். இதை எழுதுமுன் பாலுவிடம் கேட்டாயா? பொங்கலுக்கு இரண்டு பேரும் இங்கே வருகிறார்கள். அம்மா ஜோசப்புக்குச் சர்க்கரை போடாத பாயசம் வைக்கலாமா என்று இப்போதே கேட்கிறாள். நீயும் வா. அதுவரை ஸ்கிரிப்ட் என் பீரோவில், பூட்டுப் போட்டு இருக்கும். அவன் கையில் கொடுக்க வேண்டியது நீதான்.

உன்
வசந்தா