37 என்று எழுதிய பிள்ளைகளுக்கு என்ன பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு வெளியீட்டின் சிறுவர் பக்கத்தில் “படத்தில் மொத்தம் எத்தனை சதுரம்?” என்ற முந்தின கிழமைப் புதிருக்கு விடை 40 என்று போட்டுவிட்டு, “வேறு விடை அனுப்பியோர் கூர்ந்து பார்க்கப் பழகவேண்டும்” என்று ஒரு வரியும் சேர்த்திருந்தீர்கள். புத்திமதிக்கு நன்றி. கூர்ந்து பார்த்ததால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வட்ஸ்அப்பில் எத்தனையோ காலமாகச் சுற்றுகிறது. நாலுக்கு நாலு பெட்டி. நடு நிலைக்கோட்டில் மேலே ஒரு சந்தியையும் கீழே ஒரு சந்தியையும் நடுவாகக் கொண்டு ஒரு பெட்டி அளவான சதுரத்தை மேலாக வைத்துக் கீறியிருக்கும். பெரிய பெட்டிக்குள் சின்னதும் பெரிதுமாக 30 சதுரம். மேலாக வைத்த சதுரம் ஒன்றுக்கு, தான் 1, உள்ளே அரைப்பெட்டி அளவில் 4, ஆக 5. இரண்டுக்கும் 10. மொத்தம் 40. மூலப்படத்துக்கு இது சரி. தாங்கள் அச்சிட்ட படத்திலோ கீழ்ச்சதுரத்தின் வலப்பக்கக் கோடு விழவேயில்லை. அந்தக் கோடு இல்லையென்றால் அந்தச் சதுரமும் இல்லை, அதன் வலப்பக்கத்து அரைச்சதுரங்கள் இரண்டும் இல்லை. மிச்சம் 37. அப்படி எழுதிய பிள்ளை தாளில் இருந்ததை எண்ணியது. 40 எழுதிய பிள்ளை அப்பாவின் போனைப் பார்த்தது. பரிசு யாருக்குப் போனது என்பது தங்களுக்கே தெரியும்.

கோடு ஏன் விழாமல் போகிறது என்பதும் தங்கள் அச்சுப் பகுதிக்குத் தெரியாததல்ல. படத்தை ஒரு நிரலுக்குள் சுருக்கினால் கோட்டின் தடிப்பும் சேர்ந்து சுருங்கும். பத்திரிகைத் தாளில் மயிரளவுக் கோடு நிற்காது. எந்தத் துண்டு அழிகிறது என்பதைப் பொறுத்து விடையும் மாறும். வெறும் நாலுக்கு நாலு பெட்டியில் மேல் ஓரத்தின் மூலைத்துண்டு அழிந்தால் 4 சதுரம் போகும், விடை 26. நடுக்கிடைக்கோட்டின் நடுத்துண்டுகளில் ஒன்று அழிந்தால் 6 போகும், விடை 24.

இது இன்றைக்குத் தொடங்கியதுமல்ல. சித்திரைப் புத்தாண்டு மலரில் வந்த படத்தை இடத்துக்கேற்றபடி பக்கவாட்டில் இழுத்திருந்தீர்கள். அடிமட்டம் வைத்துப் பார்த்தால் பெட்டியின் அகலம் உயரத்தைவிட மூன்றிலொரு பங்கு கூட. அந்தப் படத்தில் உள்ள சதுரங்கள் இரண்டே இரண்டு: அகலத்தில் மூன்று பெட்டியும் உயரத்தில் நாலு பெட்டியும் சேருபவை. மற்றதெல்லாம் செவ்வகம். தாங்கள் தந்த விடை 30.

புள்ளிப் புதிர் இன்னும் மோசம். ஐந்துக்கு ஐந்து புள்ளி, “புள்ளிகளை இணைத்து எத்தனை சதுரம் கீறலாம்?” என்று கேட்டுவிட்டு அதற்கும் 30. கோடு இல்லாத இடத்தில் சரிவாகவும் கீறலாமே! இரண்டு பெட்டி அகலச் சட்டம் ஒவ்வொன்றுக்குள்ளும் சரிந்த சதுரம் 1, மூன்று பெட்டிச் சட்டத்துக்குள் 2, நாலு பெட்டிச் சட்டத்துக்குள் 3. அந்தச் சட்டங்கள் முறையே 9, 4, 1; ஆகவே சரிந்தவை 9, 8, 3 என்று 20 கூடும். விடை 50.

எண்ணும் முறையைத் தாங்கள் ஒருநாளும் போடுவதில்லை. வெறும் இலக்கம், அதுவும் தலைகீழாக. கண் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஒழுங்குதான் வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் சதுரத்தின் மேல் இடது மூலை எங்கெங்கே நிற்கலாம் என்று மட்டும் பார்த்தால் போதும். வெறும் நாலுக்கு நாலில் ஒரு பெட்டி அளவுக்கு 16 இடம், இரண்டுக்கு 9, மூன்றுக்கு 4, நாலுக்கு 1, ஆக 30. 17 எழுதிய பிள்ளை சின்னதையும் வெளிச்சட்டத்தையும்தான் கண்டது. 21 எழுதிய பிள்ளை இரண்டு பெட்டிச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம் என்பதை அறியாமல் 9க்குப் பதில் 4 என்று எண்ணி, மூன்று பெட்டி அளவை அடியோடு விட்டது. பிழை எங்கே என்று விடையே சொல்லிவிடும். மூன்றுக்கு ஐந்து என்று நீண்ட கட்டத்துக்கும் இதே முறைதான்: 15, 8, 3, ஆக 26. எட்டுக்கு எட்டான சதுரங்கப் பலகைக்கு 8, அதோடு ஒன்று கூட்டிய 9, இரண்டையும் கூட்டிய 17 மூன்றையும் பெருக்கி ஆறால் பிரித்தால் 204. வர்க்கங்களின் இந்தக் கூட்டலை ஆரியபட்டர் கி.பி. 499 இலேயே சொல்லிவிட்டார்; தங்கள் சிறுவர் பக்கத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் தரம் 5 பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறார்கள். தாய்தகப்பனும் பத்திரிகையில் வந்தால் சரியென்றே நம்புகிறார்கள். சரியாக எண்ணிய பிள்ளையிடம் “நீ பார்த்தது பிழை” என்று அச்சில் சொல்வது சின்ன விஷயமாகத் தங்களுக்குத் தோன்றலாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விடைக்குக் கீழே 16+9+4+1 என்று ஒரு வரி போடுங்கள். படத்தைச் சுருக்கினால் கோட்டைத் தடிப்பாக்குங்கள்; அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில் மாற்றச் சொல்லுங்கள். 37 எழுதியவர்களின் பெயர்களையும் வருகிற ஞாயிறு போட்டால் நல்லது. இடம் இல்லையென்றால் கூர்ந்து பார்க்கச் சொன்ன அந்த வரியையாவது திருப்பி எடுங்கள்.

இங்ஙனம்,
கணித வாசகர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.