பாறை அடுக்கைப் பொருத்த அம்மோனைட் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊர்ப் பாறை அடுக்கும் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுக்கும் ஒன்றேதான் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்ற இடத்தில் "புதைபடிவங்களை வைத்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பல வருடம் எண்ணெய்க் கிணறுகளுக்குள் கருவி இறக்கிப் பிழைத்தவன் நான், அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1860களில் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தபோது அவருக்கு அம்மோனைட்டும் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி) சிப்பியும் கைகொடுத்தன. ஆழ்துளையில் அந்த வசதி கிடையாது. துளையிடும் பல் அம்மோனைட்டை அரைத்துத் தூளாக்கிவிடும். நுண்ணுயிர்களின் ஓடுகள் தப்பி வரும், ஆனால் மணல் அடுக்காக இருந்தால் பல நேரம் அதுவும் இருக்காது. அப்புறம் எதை வைத்துப் பொருத்துவது?

அங்கேதான் காமா லாக் வருகிறது, அதாவது பாறையிலிருந்து வரும் காமா கதிர்களைக் கிணற்றுக்குள் ஆழம் ஆழமாக அளந்து கோடாக வரைவது. அந்தக் கதிர்களை விடும் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் மூன்றும் எல்லாப் பாறையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். களிமண் பாறையில் அதிகம், சுத்தமான மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் குறைவு. கருவியைக் கேபிளில் கட்டி மேலே இழுத்து வரும்போது களி வந்தால் கோடு வலப்பக்கம் ஓடும், சுண்ணாம்பு வந்தால் இடப்பக்கம் ஒதுங்கும். (கதிரியக்கம் என்றதும் ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள். காமா லாக் பாறையில் இயல்பாக இருப்பதைக் கேட்டுக்கொள்வதோடு சரி, வெளியிலிருந்து எதையும் உள்ளே விடுவதில்லை. அடர்த்தி அளக்கும் கருவியில் சீசியம் உண்டுதான், அது வேறு கதை, அதைப் பூட்டிப் பத்திரமாகத்தான் கொண்டு வருவோம்.)

ஆனால் காமாவை மட்டும் நம்பினால் ஏமாற்றும். நானே ஒருமுறை ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நிறைந்த மணலைக் களி என்று குறித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஃபெல்ஸ்பாரில் இருக்கும் பொட்டாசியம் செய்த வேலை அது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் மணல்தானே, மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் தோரியத்தால் காமா எகிறும்.

அதனால்தான் கூடவே காந்த ஏற்புத்திறனையும், அதாவது காந்தத்துக்குப் பாறை எவ்வளவு இணங்குகிறது என்பதையும், அளக்க வேண்டும் என்கிறேன். நிலத்திலிருந்து ஆறு அடித்து வந்த இரும்புக் கனிமம் எவ்வளவு என்பதை அது காட்டும். கடல் உள்வாங்கினால் நிலத்து வண்டல் அதிகம் வந்து அளவு பெரும்பாலும் ஏறும். சுத்தமான சுண்ணாம்பில் கிட்டத்தட்ட சுழி, சில நேரம் சுழிக்கும் கீழே. இரண்டு கோடுகளும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். கோடு போட்ட சட்டைத் துணியில் பாக்கெட் வைக்கும்போது தையற்காரர் கோட்டோடு கோடு பார்த்துப் பொருத்துவாரே, அந்த மாதிரிதான். ஒரு கோடு சேர்ந்தால் போதாது, வரிசையே சேர வேண்டும். அதிலும் ஒரே அடுக்கு இங்கே இரண்டு மீட்டரும் அங்கே ஐந்து மீட்டருமாக இருக்கும், துணியை இழுத்துப் பிடித்துப் பார்க்கிற கண் வேண்டும்.

பூமியின் காந்தத் துருவம் புரண்ட தடங்களை (வடக்கும் தெற்கும் இடம் மாறியது பாறையில் பதிந்திருக்கும்) வைத்துப் பொருத்தலாமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில் 1970களில் அது அழகாக நடந்தது, அந்த வேலைக்குப் போன புவியியலாளர் வால்டர் ஆல்வாரெஸ்தான் பிறகு அங்கிருந்த மெல்லிய களிப் பட்டையைக் கவனித்து, 1980இல் தந்தையோடு சேர்ந்து டைனோசர்கள் அழிந்ததற்கு விண்கல் மோதல்தான் காரணம் என்று சொன்னார். நம் ஊட்டத்தூர்ப் பாறைகளில் அந்தப் பருப்பு வேகாது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை துருவம் அநேகமாகப் புரளவே இல்லை. திருச்சித் தொகுதியும் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்குகிறது. அங்கே காமாவும் ஏற்புத்திறனும்தான் கதி, கூடவே நுண்ணுயிர் ஓடு கிடைத்தால் நல்லது.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. இந்த அளவுகளுக்குப் புதுப் பாறை முகம் வேண்டும். மழையும் வெயிலும் பட்ட ஓடைக் கரையில் யுரேனியம் கரைந்து போயிருக்கும், மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் துருப்பிடித்து வேறு கனிமமாகியிருக்கும், அங்கே அளந்தால் பாறையின் கதை வராது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புச் சுரங்கங்களில் அப்படிப்பட்ட சுவர்கள் தினமும் வெளிப்படுகின்றன, அடுத்த வெடியில் போயும் விடுகின்றன. மீதியைத் தண்ணீர் மூடிவிடுகிறது. கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு அளவு என்றால் 20 மீட்டர் சுவருக்கு 200 அளவு, இரண்டு மூன்று கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு நாள் வேலை. சுரங்க நிர்வாகங்கள் அனுமதித்து, புவியியல் துறைகள் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வெடி வைக்காத நாளாகப் பார்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாக்கிங் ஊழியர்,
பெரம்பலூர்