புதுமாத்தளன் கரையில் நின்ற அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. 2009 பங்குனியில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் மேலங்கியோடு முல்லைத்தீவின் புதுமாத்தளன் கரையில் நின்றீர்கள். செல் (எறிகணை) துண்டு ஏறிய காலோடு கிடந்த அம்மாவைத் திருகோணமலைக்குப் போகும் கப்பலில் ஏற்ற வேண்டும். கப்பல் கரைக்கு வராது, மீன்பிடிப் படகில்தான் காயக்காரரைக் கொண்டுபோனார்கள். மாசி முதல் வைகாசி வரை, துணைக்குப் போனவர்களோடு சேர்த்து 13,000 பேருக்கு மேல் அப்படித்தான் தப்பினார்கள். உங்கள் குழுவின் பணியாளர்கள் 3 பேர் அந்த ஆண்டு செல்லடியில் இறந்தார்கள். அதைப் பலர் மறந்துவிட்டார்கள், எனக்கு மறக்காது.

அம்மாவோடு நான் ஏறினேன். அப்பாவும் தம்பியும் கரையில். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களாகவே வந்து அவர்கள் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் விசாரித்துத் தாளில் எழுதி, நனையாமல் பொலித்தீனில் சுற்றி, என் சட்டையில் ஊசியால் குத்திவிட்டீர்கள். "அங்க எங்கட ஆக்களிட்ட இதைக் குடுங்கோ தங்கச்சி."

அதை வைத்துத்தான் அங்கே, பிரிந்த உறவினரைத் தேடும் படிவம் நிரப்பினார்கள். அப்புறம் ஆனியில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து, செஞ்சிலுவைக் குழு கொண்டுவந்து சேர்க்கும் கடிதம் வந்தது, தம்பியின் கையெழுத்தில்: "இரண்டு பேரும் இருக்கிறம்."

அம்மா இப்போது நடக்கிறா. நீங்கள் பத்திரமாக வந்தீர்களா அக்கா? இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.