கசந்தால் கொட்டிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மூலிகைச் சாறுகள் பற்றிய கட்டுரையில் சுரைக்காய்ச் சாற்றுக்குத்தான் அதிக இடம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் அதைச் சிபாரிசு செய்தவர், அரைக்கும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

தில்லிக்காரர்களுக்கு இது பழைய கதை. 2010-இல் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சி கவுன்சில்) விஞ்ஞானி ஒருவர் சர்க்கரைக்காகச் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாற்றைக் குடித்து இங்கே இறந்துபோனார். அதன்பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு குழு போட்டு விசாரித்தது. கசக்கும் சாற்றைக் கொட்டிவிடு, வேறு சாற்றோடு கலக்காதே, குடித்தபின் உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றது குழு.

காரணம் குக்குர்பிட்டாசின். சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்துச் செடிகள் பூச்சியும் ஆடு மாடும் அண்டாமலிருக்கத் தயாரித்துக்கொள்ளும் கசப்புச் சரக்கு. நாம் வாங்கும் சுரைக்காயில் அது மிகக் குறைவு. கடும் வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை என்று செடி வாடினால் ஏறிவிடும். காயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வேகவைத்தாலும் போகாது. அளவு மீறினால் வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி; ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். முறிவு மருந்தும் கிடையாது.

கூட்டு கசந்தால் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுவோம். சாறு அப்படியில்லை, மருந்தாயிற்றே என்று ஒரே மடக்கு. மயூர் விஹாரில் எங்கள் பூங்கா வாசலில் விடிந்ததும் லௌக்கி ஜூஸ், அதாவது சுரைக்காய்ச் சாறு, விற்கும் வண்டி வந்துவிடும். தோலோடு நறுக்கிய சுரைக்காய், நெல்லிக்காய், புதினா, இஞ்சி, மேலே ஒரு சிட்டிகை காலா நமக் என்கிற கறுப்பு உப்பு. எது எதனுடைய கசப்பு என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? பாகற்காயும் சேர்ந்தால் சுத்தம்! "கசந்தாத்தான் சார் உடம்புக்கு நல்லது" என்று நம் மாமாக்கள் இன்னொரு கிளாஸ் வேறு கேட்கிறார்கள். பாகற்காய்க்குக் கசப்பு பிறவிக்குணம், சரி. சுரைக்காய் கசந்தால் கோளாறு.

ஊரில் பெரியவர்கள் காயை நறுக்கும்போதே நுனியைக் கிள்ளி ருசி பார்ப்பார்கள். வண்டிக்காரரிடம் அதைக் கேட்டு வாங்க வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏற வண்டியில் கூட்டமும் ஏறுகிறது. அடுத்த இதழிலேயே, முடிந்தால் அதே பக்கத்தில், ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடுங்கள்.

மீனாட்சி,
மயூர் விஹார், தில்லி