சேர்த்துக் கட்டிய இடம் தெரியட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு முடி இறக்க எல்லோரும் ஒன்றாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இடிந்ததை இடிந்தபடி விடுவதுதான் நேர்மை, திரும்பக் கட்டுவது பொய் என்று எழுதியிருந்தாயே, அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது போலந்தில், கதான்ஸ்க் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மால்போர்க். நோகட் ஆற்றங்கரையில் செங்கல்லாலேயே எழுப்பிய கோட்டை, 21 ஹெக்டேர் பரப்பு. டியூட்டானிக் துறவி வீரர்கள், அதாவது ஜெர்மானியச் சிலுவைப்போர்த் துறவிகள், 13ஆம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தார்கள். 1309இல் அவர்களுடைய தலைவரே வெனிஸை விட்டு இங்கே குடிவந்துவிட்டார்.

அவர் மாளிகையின் கோடைக்கால மண்டபத்தை நீ பார்க்க வேண்டும். கூரையின் வளைவுகள் அத்தனையும் நடுவில் நிற்கும் ஒரே ஒரு கல்தூணில் வந்து இறங்குகின்றன. 1410 முற்றுகையில் போலந்துப் படை அந்தத் தூணைக் குறிவைத்துச் சுட்டதாம். குறி தவறிய குண்டு கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் பதிந்திருப்பதை இன்றும் காட்டுகிறார்கள். முற்றுகையால் பிடிக்க முடியாத கோட்டையை, 1457இல் சம்பளம் கிடைக்காத கூலிப்படையினர் போலந்து அரசருக்கு விற்றுவிட்டார்கள்!

1772இல் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கைக்குப் போனதும் படைவீடாகவும் கிடங்காகவும் ஆகிவிட்டது. தானியம் கொட்டி வைக்க அழகான வளைவுக் கூரைகளை இடித்தார்கள். பிரீட்ரிக் கில்லி என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்து வந்த படங்களும், பத்திரிகையில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் இடிப்பை நிறுத்தின. அப்புறம் 1882 முதல் நாற்பது வருஷம் கொன்ராட் ஸ்டைன்பிரெக்ட் என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கோட்டையே கதி என்று கிடந்தார். தோண்டிப் பார்ப்பது, அளப்பது, வரைந்து வைப்பது, அதற்கப்புறம்தான் கட்டுவது. அத்தனை உழைப்பும் இரண்டாம் உலகப் போரின் 1945 சண்டையில் பாதிக்கு மேல் நொறுங்கிப் போனது.

இங்கேதான் என் மனசு நிற்கிறது, செல்வம். போலந்துக்காரர்களுக்கு இது எதிரி கட்டிய கோட்டை. நாடே இடிபாடாகக் கிடந்த நேரம். இதை விட்டுவிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் 1961இல் அருங்காட்சியகம் அமைத்து, முன்னவர்கள் விட்டுப்போன வரைபடங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டே திரும்ப எழுப்பினார்கள். கோட்டைக்குள் இருக்கும் மாதா தேவாலய வேலை 2016இல்தான் முடிந்தது. வெளிச்சுவர் மாடத்தில் எட்டு மீட்டர் உயர மாதா சிலை வண்ணச் சில்லுகளோடு மறுபடி நிற்கிறது. உள்ளேயோ, சிதைந்த சிற்பங்களை முழுமையாக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். எது பழசு, எது புதுசு என்று நம் கண்ணுக்கே தெரிகிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது? மறைத்தால்தானே பொய்?

நீ கட்டடம் கட்டிப் பழகியவன். அந்த ஒற்றைத் தூண் அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்குகிறது என்று விவரமாக எழுது, மகனும் கேட்கிறான். மார்கழிக்குள் ஊருக்கு வந்துவிடுவேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்