படத்தில் இருந்த மற்ற மூன்று பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உலகச் செய்திப் பக்கத்தில், கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் பிறந்த யானைக்குட்டி ஒன்றின் படம் போட்டிருந்தீர்கள். அதன் கீழே ‘தாயும் சேயும் நலம்’ என்று ஒரு வரி. நான் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாயையும் குட்டியையும் தவிர இன்னும் மூன்று பெண் யானைகள் அதில் நிற்கின்றன. ஒன்றின் துதிக்கை குட்டியின் முதுகில் இருக்கிறது. இன்னொன்று, வயதில் சின்னது, குட்டி பின்னால் சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்த மாதிரி நிற்கிறது. அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிரசவ வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். யானைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது இரவுப் பணியில், வலி எடுக்கக் காத்திருந்த நேரங்களில். இன்றுவரை விடவில்லை.

அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. அங்கே முதல் வேலையே ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொள்வதுதான். காது ஓரத்துக் கிழிசல், ஓட்டை, காதில் ஓடும் நரம்புகள், தந்தத்தின் வளைவு என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். குடும்பத்துக்கு ஓர் எழுத்து. அந்தக் குடும்பத்து யானைகளின் பெயரெல்லாம் அந்த எழுத்தில் தொடங்கும். புதிதாகப் பிறந்த குட்டிக்கு மட்டும் உடனே பெயர் கிடையாது. தாயின் பெயரில் முதல் சில எழுத்துகள், கூடவே பிறந்த வருடம், அவ்வளவுதான் குறிப்பு. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வார்டிலும் பிறந்த குழந்தையின் கையில் கட்டும் பட்டையில் அம்மாவின் பெயர்தான் இருக்கும். பழந்தமிழில் யானைக்குட்டிக்குக் குழவி என்றும் ஒரு பெயர் உண்டு. மனிதக் குழந்தைக்கும் அதே சொல்தான்.

காட்டில் பிரசவத்தை நேரில் பார்ப்பது ஆய்வாளர்களுக்கே அபூர்வம். நேற்று எண்ணியதைவிட இன்று குடும்பத்தில் ஒன்று கூடியிருக்கும். தொப்புள்கொடி காயாமல் தொங்கும். காதின் பின்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். 22 மாதம் வயிற்றில் இருந்து, நூறு கிலோ அளவுக்கு எடையோடு பிறக்கிற குழந்தை அது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தட்டுத் தடுமாறி எழுந்துவிடும். துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மிதித்துக்கொள்ளும். பால் குடிப்பது வாயால்தான். தாயின் மடி முன்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. அது தெரியாமல் பின்கால் பக்கம் போய்த் தேடும். தலைப்பிரசவம் ஆன இளம் தாய்க்கும் ஒன்றும் புரியாது, விலகி விலகி நிற்கும். முதல் குழந்தையை மார்பில் போடத் தெரியாமல் அழுத எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பழக்கப்பட்ட ஒரு கை இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

அந்தக் கைதான் உங்கள் படத்தில் இருக்கிறது. அம்போசெலியில் குட்டிகளைப் பின்தொடர்ந்து கவனித்த ஃபிலிஸ் லீ, இந்தத் துணைத் தாய்மார்களைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குட்டி கத்தினால் ஓடி வருவது, சேற்றில் சிக்கினால் தூக்கிவிடுவது, தூங்கும்போது காவல் நிற்பது, இதையெல்லாம் அதிகம் செய்வது இன்னும் குட்டி ஈனாத இளம் பெண் யானைகள். அப்படிப்பட்ட அக்காக்களும் சித்திகளும் அதிகம் உள்ள குடும்பத்தில் குட்டிகள் பிழைப்பதும் அதிகம் என்று அவர் கண்டார். பக்கத்தில் நின்ற அந்தச் சின்ன யானை வேடிக்கை பார்க்க வந்ததில்லை ஐயா. அது தாதி வேலை பார்க்கிறது, தான் தாயாவதற்கும் பழகிக்கொள்கிறது.

எக்கோவின் கதையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அம்போசெலியின் ஒரு குடும்பத்துக்குத் தலைவி அவள். (பெயர் தெரிந்த பிறகு ‘அது’ என்று எழுத எனக்கு வரவில்லை.) 1990-இல் அவளுக்குப் பிறந்த ஆண் குட்டி ஈலைக்கு முன்கால்கள் மடங்கியே இருந்தன, நிமிர்த்த முடியவில்லை. முட்டி போட்டு நகர்ந்தான். நின்றால்தானே மடி எட்டும்? எக்கோ அவனை விட்டுப் போகவில்லை. எட்டு வயது மகள் ஈனிடும் போகவில்லை. ஆய்வாளர்கள் பிழைக்கமாட்டான் என்றே நினைத்தார்கள். ஆனாலும் கிட்டே போய்த் தூக்கிவிடவில்லை. படிக்கும்போது எனக்குக் கை பரபரத்தது. நான் பழகிய தொழிலில் அந்த நிலையில் சும்மா நிற்பது குற்றம். ஆனால் அவர்கள் கை வைத்திருந்தால், ஒரு தாயும் மகளும் சேர்ந்து என்னவெல்லாம் செய்வார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். மூன்றாம் நாள் ஈலை கால்களை நிமிர்த்தி நின்றான். வளர்ந்து பெரிய ஆணும் ஆனான்.

எக்கோ 2009-இல் இறந்தாள், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்த வருடக் கொடும் வறட்சியில் குட்டிகளும் வயதான தலைவிகளும் ஏராளமாகப் போய்விட்டார்கள். அப்புறம் மழை வந்தது. பெண் யானைகள் ஒரே சமயத்தில் சூல் கொண்டன. 22 மாதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கடைசியிலிருந்து குட்டிகள் வரிசையாகப் பிறந்தன. யார் மகள், யாருடைய பேத்தி என்று குறித்து வைத்த நோட்டு இருந்ததால்தான், பாட்டியை இழந்த குடும்பங்கள் எப்படித் தேறின என்று இன்று சொல்ல முடிகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், சுற்றி நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் போடுங்கள், ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, தாய்ப்பால் இல்லாமல் முதல் இரண்டு வருடங்களைக் கடப்பது யானைக்குட்டிக்கு ஏறக்குறைய முடியாத காரியம். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் இதே குட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்து நாலு வரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை வெட்டி, பின்னால் தேதி எழுதி, என் பழைய பணிக் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்